வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் படபடப்பு அடங்கவில்லை, நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கரூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். வீடு கரூரில், வேலை குளித்தலைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில், கேஷ் கவுன்டர். காலையில் கதவு திறக்கும்போதே வாசலில் கூட்டம் நிற்கும். நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வந்தவர்கள், நகையை மீட்க வந்தவர்கள், வெறும் பாஸ்புக் என்ட்ரிக்கு வந்தவர்கள், எல்லோரும் ஒரே வரிசையில். நடுவில் சர்வர் படுத்துவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து வரும் பேச்செல்லாம் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான்.

ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று கூடுதலாகப் போய்விட்டால் சாயங்காலம் கேஷ் டேலி ஆகாது. குறைகிற பணத்தை நான்தான் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும். அதனால் எண்ணி முடித்த கட்டையே மறுபடி எண்ணத் தோன்றும். கணக்கு சரியாக வந்த நாளில்கூட ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு தட்டி, பச்சைத் துண்டு போட்ட அந்தப் பெரியவருக்கு எத்தனை நோட்டு கொடுத்தோம் என்று மனசு எண்ண ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் விடியும்வரை தூக்கம் இல்லை.

வீட்டில் பிள்ளைகளின் ஹோம்வொர்க், மாமியாருக்கு மாத்திரை, ராத்திரிச் சமையல். அதற்கு நடுவே ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இன்சூரன்ஸ் டார்கெட் எங்கே, இன்னும் யார் யார் கணக்கு காட்டவில்லை என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். தாடை எப்போதும் இறுகியே இருக்கிறது, பிடரியில் பாரம். பி.பி. பார்த்ததில் கொஞ்சம் கூடுதல். டாக்டர் "டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எப்படிக் குறைப்பது?

நீங்கள் நிஜமாகச் செய்து பார்த்தது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள், பொன்மொழி வேண்டாம்.

அதிகாலை

வணக்கம் சகோதரி. நாலரை மணிக்கு எழுந்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆசனம், இருபது நிமிடம் பிராணாயாமம், பத்து நிமிடம் தியானம். அந்த நேரத்தில் மனது தெளிவாக இருக்கும். எனக்கு அல்சர், தலைவலி எல்லாமே இதில்தான் போனது. விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சித்திரை நிலா

அதிகாலை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று மணிக்கு முழித்து விடியும்வரை புரள்கிறவரை நாலரைக்கு எழச் சொல்கிறீர்களே. அதே நாலரைக்குத்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் வரும், ஐந்துக்கு அடுப்பு, ஏழுக்குள் மூன்று டிபன் பாக்ஸ். உங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால் அந்த நேரத்தில் உங்கள் வீட்டு அடுப்படியில் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

யோகா நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழிகிறவளிடம் இன்னொரு வேலையைக் கொடுத்தால், அதையும் செய்யவில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் கூடும். நானும் பள்ளிக்கூட வேலை, வீடு என்று ஓடுகிறவள்தான். எனக்கு உதவியது எதையாவது குறைத்தபோதுதான். வாரத்தில் இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு என்று வைத்தோம். அவர் உப்புமா கிண்டினாலும் சரி, கடையில் இட்லி வாங்கினாலும் சரி, நான் வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம், அதைப் பழகிவிட்டால் அந்த இரண்டு மாலைகள் உண்மையாகவே நம்முடையவை.

வார்டு 7

கரூர்க்காரி அக்கா, நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். ஷிப்டு மாறி மாறி வரும் வேலை, அதனால் தூக்கம் பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்த மூன்று மணி விஷயத்துக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பயந்தாலோ பதறினாலோ அட்ரினலின் சுரக்கும், பின்னாலேயே கார்டிசால் வரும். இரண்டும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பிகளில் இருந்து வருபவை. கார்டிசால் எல்லோருக்கும் நடுராத்திரியில் குறைவாக இருந்து, பின்னிரவில் ஏறத் தொடங்கி, எழுந்து அரை மணி முக்கால் மணியில் உச்சத்துக்குப் போகும். உடம்பு நம்மை எழுப்பத் தயாராகிற வழி அது. பின்னிரவில் தூக்கமும் லேசாகிவிடும், எல்லோருமே அவ்வப்போது முழித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவோம். மனதில் பாரம் இருக்கிறவருக்குத்தான் அந்தச் சின்ன முழிப்பு முழு முழிப்பாகிவிடுகிறது. ஆகவே மூன்று மணிக்குத் தோன்றுவதை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

செய்ய வேண்டியது: மணி பார்க்காதீர்கள். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அலாரம் வேண்டுமென்றால் தனிக் கடிகாரம் வாங்குங்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வெளி அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். படுக்கை என்றாலே கவலைப்படுகிற இடம் என்று உடம்பு பழகிவிடக் கூடாது, அதற்குத்தான் இது. தூக்கமின்மைக்கு மருத்துவர்களே சொல்லித் தரும் முறை.

அப்புறம் காபி. சாயங்காலம் ஐந்து மணிக்கு கேஷ் டேலி செய்யும்போது ஒரு காபி குடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். காபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பத்து மணிக்குப் படுக்கும்போது அரை டம்ளர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காபியும் டீயும் வேண்டாம், சுக்குமல்லி போட்டுக் குடியுங்கள்.

மூச்சு. இதற்குத் தனியாக நேரம் வேண்டாம், பஸ்ஸில் உட்கார்ந்தே செய்யலாம். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். விடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். ஐந்து நிமிடம் போதும். மயக்கம் மாதிரி வந்தால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், சாதாரணமாக விடுங்கள், சரியாகிவிடும்.

கோவை பிஸியோ

தாடை இறுகுவதாக எழுதியிருந்தீர்கள். உதடு மூடி இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்க வேண்டும், நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் லேசாக. இதைப் படிக்கும்போதே கவனித்துப் பாருங்கள், பலருக்குப் பல் கடித்தபடிதான் இருக்கும். கவுன்டரில் உங்கள் கண் அடிக்கடி போகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைப் பிரித்து, தோளைக் கீழே விடுங்கள்.

ராத்திரி படுக்கையில்: பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக ஐந்து விநாடி இறுக்கி, அப்படியே தளர விட்டு, இருபது விநாடி அந்தத் தளர்ச்சியை உணருங்கள். கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், கடைசியில் முகம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களிலேயே இந்த முறையை வகுத்தார், இன்றும் நாங்கள் சொல்லித் தருகிறோம். மனதை நேராக அடக்குவது கஷ்டம், தசையைத் தளர்த்துவது கைக்கு எட்டுகிற காரியம்.

ஸ்டியரிங்

தங்கச்சி, நான் அரசு பஸ் டிரைவர், இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். திருச்சி கரூர் ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், உங்களையே ஏற்றி இறக்கியிருப்பேன். பைக்கில் குறுக்கே பாய்கிற பையன்கள், ஸ்டாப்பில் நிற்கவில்லை என்று கண்ணாடியைத் தட்டுகிறவர்கள், நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்கிற டைம் கீப்பர், எல்லாம் தலையில் ஏறி இருக்கும்.

நான் செய்வது ஒன்றே ஒன்று. டெப்போவில் வண்டியை விட்டதும் உடனே பைக்கை எடுக்க மாட்டேன். செருப்பைக் கழற்றி, கால் முகம் கழுவி, சட்டையை மாற்றிவிட்டு அங்கேயே சும்மா உட்காருவேன். போன் பையில் இருக்கும். காதில் எஞ்சின் இரைச்சல் ஓய்கிறவரை. காக்கிச் சட்டையோடு வீட்டுக்குள் போவதில்லை. வீட்டில் நுழைந்ததும் கரண்ட் பில், ஸ்கூல் பீஸ் பேச்செல்லாம் அரை மணி கழித்துத்தான் என்று சம்சாரத்திடம் பேசி வைத்திருக்கிறேன், அவளுக்கும் அதே சலுகை உண்டு, அவள் தையல் யூனிட்டில் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆம்பளைப் பசங்க படிப்பார்கள் என்பதற்காக. டியூட்டி முடிந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வரும் என்று சொல்கிறவர்கள் என் கூட நிறையப் பேர். படுத்ததும் தூக்கம் வரும், உண்மை. ராத்திரி ரெண்டு மணிக்கு வாய் வறண்டு, நெஞ்சு படபடவென்று அடித்து எழுப்பிவிடும், அதுவும் உண்மை. மறுநாள் காலை டூட்டிக்குக் கண் எரிச்சலோடு வருவார்கள், எரிச்சல் தீர மறுபடி கடை. நல்ல டிரைவர்கள் இதில் குடும்பத்தையே தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வார்டு 7

ஸ்டியரிங் அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரக்கு முதல் பாதித் தூக்கத்தைக் கொடுத்து இரண்டாவது பாதியைக் கெடுக்கும். ஆனால் நெடுநாளாகத் தினமும் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புவரை போகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

சிவப்புத் துண்டு

எல்லாம் நல்ல யோசனை. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது நியாயமா? உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களுக்கான வகைப்பாட்டைத் திருத்தியபோது, வேலையில் எரிந்து ஓய்ந்துபோவதைத் தனிமனிதரின் நோயாக எழுதவில்லை, பணியிடத்தோடு சேர்ந்த நிலையாகவே எழுதியது.

ஜவுளிக்கடைப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை, கால் வீக்கம், நரம்புச் சுருள். அவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தா தீர்ந்தது? 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது. உங்கள் துறையையே பாருங்கள் தோழர், இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை 2015 செப்டம்பரில் வந்தது என்றால் அது யாரோ மனமிரங்கிக் கொடுத்தது இல்லை, சங்கங்கள் பேசி வாங்கியது. கவுன்டருக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் கிளையில் ஒரு நாளைக்கு எத்தனை வவுச்சர் என்ற கணக்கோடு கொடுங்கள்.

மடிப்பு மாறாமல்

நான் ஜவுளிக்கடையில்தான் இருக்கிறேன் அண்ணா. ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில்தான் உட்கார முடியும், தீபாவளி சமயத்தில் வாய்ப்பே இல்லை. ஆனாலும் மதியம் அந்தக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காலை நீட்டினால் சாயங்காலம் கஸ்டமரிடம் சிடுசிடுக்காமல் பேச முடிகிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

சித்திரை நிலா

கண்டிப்பாக எழுத வேண்டும் தங்கச்சி. இதுதான் உண்மையான தகவல்.

ரிட்டயர்டு கேஷியர்

கரூர்க்காரி கண்ணு, நான் அதே கவுன்டரில் முப்பது வருஷம் தள்ளியவள், இப்போது ஓய்வு. வேறு யாருக்கும் புரியாத ஒன்று உனக்கும் எனக்கும் புரியும், அது கைக்காசு போட வேண்டிய பயம். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பணம் கொடுக்கும்போது ஸ்லிப்புக்குப் பின்னால் எந்த நோட்டு எத்தனை என்று எழுதுகிறாயா? அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். 500 x 18, 200 x 5 என்று எழுதிவிட்டுத்தான் நோட்டு கையை விட்டுப் போக வேண்டும், எத்தனை பேர் கத்தினாலும் சரி. "இங்கேயே எண்ணிப் பார்த்துக்கோங்க ஐயா" என்று வாயால் சொல்லு, அவர் எண்ணி முடிக்கும்வரை அடுத்தவர் ஸ்லிப்பைத் தொடாதே. ஒரு ஆளுக்கு அரை நிமிடம் கூடும், கூடட்டும். ராத்திரி மூன்று மணிக்குப் பச்சைத் துண்டுக்காரர் வந்து நின்றாலும், ஸ்லிப்பில் எழுதியிருக்கிறது என்று மனசுக்குப் பதில் சொல்ல முடியும். பதில் கிடைத்த கேள்வி மறுபடி மறுபடி வராது. சாயங்காலம் கணக்கு நேராகி, பணம் உள்ளே போய், இரண்டு பேர் சாவியும் போட்டுப் பூட்டியாகிவிட்டதா, உன் பொறுப்பு அதோடு முடிந்தது.

டார்கெட் குழுவை மியூட் செய். நிஜமான அவசரம் என்றால் போன் அடிப்பார்கள். "மாலை ஆறு மணிக்கு மேல் வரும் மெசேஜுக்கு மறுநாள் காலை பதில் போடுகிறேன் சார்" என்று மேனேஜரிடம் ஒரு தடவை மரியாதையாகச் சொல்லிவிடு, பின்னால் தினமும் பயந்து சாவதைவிட அது எவ்வளவோ மேல். நான் பார்த்தவரை ராத்திரி ஒன்பதரைக்கு அனுப்பும் மெசேஜில் பாதி, அனுப்புகிறவர் தன் மேலதிகாரிக்குப் பயந்து அனுப்புவது. அந்தப் பயத்தை நீ வாங்கி உன் அடுப்படியில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டு வேலையையும் ஒரு தாளில் எழுது, எல்லாவற்றையும், மாத்திரை டப்பா நிரப்புவதுவரை. எழுதி வீட்டுக்காரரிடம் நீட்டு. "உதவி பண்ணுங்க" என்று கேட்காதே, இதில் எது எது உங்களுடையது என்று கேள். மாத்திரை அவர் அம்மாவுக்குத்தானே, அவர் கொடுக்கட்டும். ஹோம்வொர்க்கும் பாதிக்குப் பாதி. சனிக்கிழமை லீவு கிடைக்கிறது என்று ஒட்டடை அடிக்கவும் மிளகாய்த்தூள் அரைக்கவும் அதை நிரப்பிவிடாதே. ஒரு சனியாவது எதுவும் போடாமல் வை.

நைட்ஷிப்ட்

சென்னையில் ஓஎம்ஆரில் சப்போர்ட் வேலை. அமெரிக்க நேரம். படித்துக்கொண்டே வந்தேன். மூச்சு, நடை, டைரி எல்லாம் முயன்றுவிட்டேன். எதுவும் ஒட்டவில்லை. கொஞ்ச காலமாகப் பசியே இல்லை, கிரிக்கெட்டுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. ரூம்மேட் ஊருக்குப் போயிருக்கிறான். நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது. இதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

வார்டு 7

தம்பி, எழுதியது ரொம்ப நல்லது. நீங்கள் சொல்வது அன்றாட டென்ஷன் இல்லை. சாப்பாடு, தூக்கம், பிடித்த விஷயம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போய், கூடவே இந்த எண்ணமும் வந்தால் அது சிகிச்சை தேவைப்படுகிற நிலை. சிகிச்சையில் குணமாகிறது, நான் தினம் பார்க்கிறேன். மூச்சுப் பயிற்சி இதற்குப் போதாது, அது ஒட்டவில்லை என்பது உங்கள் குறை இல்லை.

இப்போதே 14416க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ், 2022 அக்டோபரில் இருந்து இருக்கிறது, இருபத்து நாலு மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108. அரசு மருத்துவமனை எதிலும் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையே இருக்கிறது. இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள். இந்த எண்ணம் வருகிறது என்பதை வீட்டில் ஒருவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

ஸ்டியரிங்

தம்பி, அக்கா சொன்னபடி செய்யுங்கள். நானும் முழிச்சுத்தான் இருப்பேன், எத்தனை மணியானாலும் இங்கே எழுதுங்கள்.

நைட்ஷிப்ட்

பேசினேன். சொந்த அக்கா கேட்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டார்கள். அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன், விழுப்புரத்தில் இருந்து கிளம்பிவிட்டான். டாக்டரைச் சேர்ந்து பார்க்கப்போகிறோம். நன்றி.

அதிகாலை

நைட்ஷிப்ட் தம்பி, உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறேன். சித்திரை நிலாவுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டதை வீட்டில் படித்துக் காட்டினேன். காலையில் டிபன் பாக்ஸ் கட்டுவது இனி என் வேலை, என் மனைவிக்கும் நடக்கப் போக நேரம் கிடைக்கும்.

கரூர்க்காரி

மறுபடி வந்திருக்கிறேன், உடனே எழுத முடியவில்லை.

ஸ்லிப்புக்குப் பின்னால் எழுதுவது பெரிய மாற்றம் அம்மா. வரிசையில் முணுமுணுக்கிறார்கள், ஆனால் கை நடுக்கம் குறைந்துவிட்டது. சாயங்காலக் காபியை விட்டதில் முதலில் தலைவலி வந்தது, பிறகு சரியாகிவிட்டது. முழிப்பு இப்போதும் வருகிறது, சில நாள் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன், சில நாள் இல்லை. மாயனூர் தாண்டும்வரை பஸ்ஸில் அந்த நாலு ஆறு மூச்சு. குழுவை மியூட் செய்ததை மேனேஜரிடம் சொன்னேன், முகம் கொஞ்சம் மாறியது, ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை டப்பா வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. ஹோம்வொர்க் விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஆள் கேட்டு வவுச்சர் கணக்கோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன் தோழர், பதில் வரவில்லை.

இனி என் பயம் நவம்பர். லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் பென்ஷன்காரர்கள் மொத்தமாக வருவார்கள், நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த மாதம் எதுவுமே கைகொடுக்காது என்று தோன்றுகிறது.

பழைய தபால்காரர்

நவம்பர் கூட்டத்தைக் குறைக்க வழி இருக்கிறது தாயி. ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட்டை வீட்டிலிருந்தே செல்போனில் முகம் காட்டிக் கொடுக்கலாம், 2021 நவம்பரில் இருந்து அந்த வசதி உண்டு. முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்குப் போய் விரல் ரேகை வைத்து எடுத்துத் தருவார், சின்னக் கட்டணம்தான். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களில் 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி இப்போதே கிளை வாசலில் ஒட்டுங்கள், உங்கள் ஊர் அஞ்சலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எப்படி எழுதுவது என்று வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

கரூர்க்காரி

எழுதித் தாருங்கள் ஐயா. திங்கட்கிழமையே ஒட்டிவிடுகிறேன்.